ஏழு மூடிப் பெட்டி

இந்த நாற்காலியின் கால் ஒன்று குட்டை. ஓர் அட்டையை மடித்துக் கொடுத்தால் ஆடாது. போகட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் நிதானமாகவே சொல்கிறேன்.

எங்கள் பிரார்த்தனைக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளி ஒருவருக்குத் துணை ஒருவர். தினமும் நான்கு மணிக்கு வீட்டுக்குப் போய், கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பிரார்த்திக்க வேண்டும். குணமானவர் கூட்டத்தின் முன் எழுந்து நின்று சொல்வார். எல்லாரும் கைதட்டுவார்கள். அத்தோடு துணைக்கு வேலை முடிந்தது. அடுத்த ஆள் கிடைக்கச் சில சமயம் மாதக்கணக்கில் ஆகும்.

ஒன்பது பேருக்குத் துணை இருந்தேன். ஒன்பது பேரும் எழுந்து நின்றார்கள். அதற்குப் பிறகு தெருவில் பார்த்தால் தலையசைப்பார்கள். குறை சொல்லவில்லை, குணமானவர்களுக்கு ஆயிரம் வேலை. எனக்குத்தான் நான்கு மணி ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்துவிடும் பழக்கம் நின்றபாடில்லை.

பத்தாவது ஆள் ஒரு தையல்காரி. கணவர் போன துக்கத்தில் தூக்கம் கெட்டு, அடங்கியிருந்த வலிப்பு திரும்பிவிட்டது. மாடியில் ஒற்றை அறை. மெஷின், கட்டில், துணிமூட்டை. முதல் மாதம் முழுக்க அழுகைதான். பிறகு என் தோளில் சாய்ந்து தூங்க ஆரம்பித்தாள். உடம்பு தேறியது, வாயும் தேறியது.

“அக்கா, கடவுள்கிட்ட பேசும்போது ரெண்டு சட்டைக்குக் கழுத்தைத் தப்பா வெட்டுனதை மட்டும் சொல்லிடாதீங்க.”

“அவருக்கு முன்னாடியே தெரியும்டி.”

“அப்போ சட்டைக்காரருக்குத் தெரியாம பாத்துக்கச் சொல்லுங்க.”

யாரோடாவது சேர்ந்து சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தேன்.

அவளிடம் வாரத்துக்கு ஏழு மூடி வைத்த மாத்திரைப் பெட்டி ஒன்று இருந்தது. “நீங்களே நிரப்பிக் குடுங்கக்கா. உங்க கை பட்டாத்தான் கேக்குது,” என்றாள். ஞாயிறுதோறும் ஒவ்வொரு மாத்திரையையும் உள்ளங்கையில் வைத்துப் பிரார்த்தித்துவிட்டுப் போடுவேன். ஐந்து மாதம் ஒரு வலிப்புகூட வரவில்லை.

ஆறாவது மாதம், அவள் எழுந்து நிற்க நாள் குறித்தார்கள். வெளியூர் மகளிடமிருந்தும் போன். “குணமாயிடுச்சுல்ல, இங்கேயே வந்துடும்மான்றாக்கா!” அவள் முகமெல்லாம் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

நான் மருந்துக் கடையில் இருபத்திரண்டு வருஷம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவள். எந்தச் சத்து மாத்திரை பார்வைக்கு எதைப் போல இருக்கும் என்று தெரியும். அந்த ஞாயிறு ஏழு மூடிக்குள்ளும் சத்து மாத்திரை போட்டேன். அவற்றையும் உள்ளங்கையில் வைத்துப் பிரார்த்தித்தேன். என் பிரார்த்தனையில் ஒருநாளும் கலப்படம் இருந்ததில்லை.

வியாழக்கிழமை வலிப்பு வந்தது. சின்னதுதான். பக்கத்திலேயே இருந்தேன், தலையை மடியில் ஏந்திக்கொண்டேன். கண் திறந்ததும், “எங்கேயும் போயிடாதீங்கக்கா,” என்றாள். மாத்திரையைத் தவறாமல் போடுகிறாயா என்று டாக்டர் கேட்டபோது, “அக்கா கையாலதான் போட்டுக்கறேன்,” என்று பெருமையாகச் சொன்னாள். கூட்டத்தில் நாளைத் தள்ளிவைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று மகளும் சொல்லிவிட்டாள்.

இன்னும் ஒரே ஒரு வாரம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் அப்படியே நிரப்பினேன்.

செவ்வாய்க்கிழமை தைத்த துணியைக் கொடுக்க மாடிப்படி இறங்கியிருக்கிறாள். நான் நான்கு மணிக்குச் சரியாகப் போனேன். கடைசிப் படிக்குக் கீழே கிடந்தாள். மூச்சில்லை. பக்கத்தில் ஒரு சட்டை விரிந்து கிடந்தது. கழுத்தை இந்த முறை சரியாக வெட்டியிருந்தாள். அரை மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகுதான் ஆள் கூப்பிட்டேன்.

பெட்டியில் மீதி இருந்ததைச் சோதித்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். சரிதான், மாற்றியது நான்தான். அவளுடைய மாத்திரைகள் பதினான்கும் என் அலமாரியில், காகிதத்தில் மடித்துப் பத்திரமாக இருக்கின்றன. போய்ப் பாருங்கள். ஒன்றைக்கூட நான் தூக்கிப் போடவில்லை. அவள் குணமாக வேண்டாம் என்று நினைத்திருந்தால், எடுத்து வைத்திருப்பேனா?