பச்சையம்மா கைகாட்டி

மணி பகல் பன்னிரண்டரை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோடு... கண்ணுக்கெட்டிய வரை ஆள் இல்லை. நெருங்கி உட்காருங்கள். உச்சி வெயிலில் நடந்த கதைதான். ஆனாலும் தனியாக இருக்கும்போது நான் இதை நினைப்பதில்லை.

நம் செல்லப்பனின் மாமனார் தங்கராசுவுக்கு நேர்ந்தது. எழுபத்தெட்டாம் வருஷம். பஸ் நிற்கும் இடங்களில் மஞ்சள் பலகை நட்டிருந்தார்கள்; ஊர்ப் பெயரைக் கருப்பில் எழுதுவது அவர் வேலை. அன்றைக்கு அது பதினோராவது பலகை. தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலி.

பட்டியலில் 'பச்சையம்மா கைகாட்டி' என்று இருந்தது. அங்கே ஊரே கிடையாது. ஒரு மண்பாதை பிரிகிறது, அவ்வளவுதான்.

பலகையின் துளி நிழலில் ஒருத்தி குனிந்து உட்கார்ந்திருந்தாள். தலையில் சும்மாடு. உடம்பெல்லாம் வெள்ளைத் தூசி... சுண்ணாம்புக்கல்லின் வாடை.

"யாரு தாயி இந்தப் பச்சையம்மா?" பேச்சுக்குத்தான் கேட்டார்.

"கல்லு ஒடைக்க வந்தவ. இங்கதான் பஸ்ஸுக்கு நின்னா. வெயிலு தாங்காம சுருண்டு வுழுந்தவ, எந்திரிக்கவே இல்ல. கைய காட்டிக் காட்டி... மூணு பஸ்ஸு நிக்காம போயிடுச்சு." மூச்சு வாங்கினாள். "இப்ப எல்லா பஸ்ஸும் நிக்குது."

தங்கராசு பிரஷை பெயின்ட்டில் முக்கினார்.

"அந்தப் பேர எழுதாதீங்கண்ணே. ஒரு நாளைக்குப் பதினாறு வண்டி. ஒவ்வொரு கண்டக்டரும் பேரு சொல்லிக் கூப்புடுறாரு. கூப்புட்டா எந்திரிச்சு வரணும்ல? ஒடம்பு முடியலண்ணே..."

அவர் பிரஷை இறக்கினார். "வேற... என்ன பேரு எழுதுறது?"

"யாரு பேராச்சும்."

ஹாரன் சத்தம். "பச்சையம்மா கைகாட்டி எறங்கு!" அவள் முனகியபடி, முட்டியில் கை ஊன்றி எழுந்தாள். பஸ் நின்றது, கிளம்பியது. யாரும் இறங்கவில்லை. தூசி அடங்கியபோது அவளும் இல்லை.

கை தானாக ஓடியது. என்ன எழுதினோம் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சைக்கிளை மிதித்தார்.

ஒரு மாதத்தில் தங்கராசு படுத்துவிட்டார். காய்ச்சல் இல்லை. வெறும் அசதி. கிடந்தவர் திடீரென்று, "வரேன்... வரேன்..." என்று எழுந்து உட்காருவார், மறுபடி சாய்வார். மனைவி வீரம்மாள் எண்ணிப் பார்த்தாள். ஒரு நாளைக்குப் பதினாறு தடவை.

அந்தப் பலகைக் கதையை அவர் அவளிடம் சொல்லியிருந்தார். அதில் என்னதான் எழுதினார் என்று பார்க்க, மகளைக் காவலுக்கு வைத்துவிட்டு அவளே பஸ் ஏறினாள். பாதி வழியில் கண்டக்டர் கத்தினார்: "தங்கராசு கைகாட்டி எறங்கு!"

வீரம்மாள் சீட்டை விட்டு எழுந்தாள். "பழைய பேரையே சொல்லுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"பலகையில அப்படித்தானம்மா இருக்கு. ஊரு வாயிலயும் ஏறிப்போச்சு. இனிமே யாரு மாத்துறது?"

பஸ் நின்றது. ஜன்னல் வழியே பார்த்தாள். பலகையின் நிழலிலிருந்து, வேட்டியெல்லாம் வெள்ளைத் தூசியாக, ஒரு ஆள் மெல்ல எழுந்துகொண்டிருந்தார். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பஸ் கிளம்பியது.

வீடு திரும்பியபோது தங்கராசு கட்டிலில்தான் கிடந்தார். "அப்பா எங்கயும் போவலம்மா," என்றாள் மகள். வீரம்மாள் வாசலிலேயே நின்றாள்.

அவர்தான், கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"பஸ்ஸுல வந்தியே வீரம்மா... என்னைப் பாத்தும் எறங்காம போயிட்டியே?"