மோதிரம் மாத்திற இடத்தில சண்டைப் படம்

இல்லைத் தம்பி, முழுக்க அழியேல்லை. கோயில் வாசல்ல மகள் காரால இறங்கிறது கிடக்கு, ஃபாதர் பூசை துவங்கிறது கிடக்கு, மாப்பிள்ளை மோதிரம் போடக் கையை நீட்டுறார், டப்பெண்டு ஒருத்தன் ஜீப்பைக் கொளுத்திப்போட்டு ஓடுறான். அங்கயிருந்து ரெண்டேகால் மணித்தியாலம் படம்தான். கடைசியில கேக் வெட்டுறது கொஞ்சம் மிஞ்சிக் கிடக்கு. நீர் எடுத்த கசெட்தானே, லேபிளைப் பாரும், பேர்ணடெற் செபஸ்தியன் எண்டு உம்மட கையெழுத்துத்தான்.

சிரிக்காதையும் றேமண்ட். வாற திங்கக்கிழமை எம்பசியில பிள்ளைக்கு விசா இன்டவியூ. கலியாணம் உண்மையெண்டு காட்ட வீடியோவும் கொண்டு வரட்டாம், கடிதம் வந்திருக்கு. இதைக் கொண்டுபோய்க் குடுத்தால் அந்த வெள்ளைக்காரன் என்ன நினைப்பான்? மோதிரம் போடுற நேரத்தில மாப்பிள்ளையைக் காணேல்லை, பத்துப் பேர் கத்தியோட நிக்கிறாங்கள். கனடாவில இருந்து மூண்டு கிழமை லீவில வந்து கட்டிப்போட்டுப் போன பெடியன், பாவம், அங்க வீடு எடுத்து வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருக்கிறான்.

வரேக்க பம்பலப்பிட்டியில பஸ்ஸை மறிச்சவங்கள். இதென்ன கசெட் எண்டு ஆமிக்காரன் கேட்டான். மகுல் கெதர மாத்தயா, கலியாண வீடு எண்டன். நல்ல காலம், போட்டுப் பாக்க அவனிட்ட டெக் இல்லை.

என்ன படமோ? ஐயோ, அதைக் கேக்காதையும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் டீவியில போட்டவங்கள், பேர் சொல்லவும் லாயக்கில்லாத படம். நான் நாப்பது வருசமாப் படம் பாக்கிறவன். ஹாபர்ல வேலை செய்யேக்க ஓவர்டைம் இல்லாத நாளெல்லாம் தியேட்டர்தான். என்ர மனுசி ஐறீன், ஆண்டவர் அவவுக்கு இளைப்பாற்றி குடுக்கட்டும், பொம்பிளை பாக்கப் போன அண்டைக்கே என்னட்டக் கேட்டது, நீங்க படம் பாப்பீங்களோ எண்டுதான். அப்ப நான் சொன்னால் கேளும். வில்லன் எண்டவன் கதைக்கக் கூடாது. கையில துவக்கு இருக்கு, ஹீரோவைக் கட்டியும் போட்டாச்சு. சுட்டுப்போட்டுப் போய்ச் சோத்தைத் தின்னன்! அவன் நிண்டு தன்ர சின்ன வயசுக் கதையெல்லாம் சொல்லுறான். மற்றவன் அதுக்குள்ள கயித்தை அறுத்துப்போடுறான்.

பிறகு அந்த ஏயாப்போட் சீன். காதலி பிளேனில ஏறப்போறாள், ஹீரோ மோட்டச்சைக்கிள்ல பறக்கிறான். எங்கட கட்டுநாயக்காவுக்கு வரட்டும் பாப்பம்! பேலியகொடையில இறக்கி அடையாள அட்டை, ஐ.சி. கேப்பாங்கள், பொலிஸில பதிஞ்ச ரிப்போட் கேப்பாங்கள், கொழும்பில ஆரோட தங்கியிருக்கிறாய், என்னத்துக்கு வந்தனி எண்டு கேப்பாங்கள். இவன் பதில் சொல்லி முடியேக்க அவள் லண்டன்ல ரெண்டு பிள்ளை பெத்திருப்பாள்.

பாட்டெண்டால் பழசுதான். இப்பத்தையான் எல்லாம் தகரத்தைப் போட்டு அடிக்கிற சத்தம். மகள் பேர்ணடெற் ஒத்துக்கொள்ள மாட்டாள், வீட்டில ஒவ்வொரு நாளும் இதுதான் சண்டை. அவளுக்கு சிங்கள நாடகம் வேற உயிர். அதில ஒருத்தி ஜன்னலடியில நிண்டு யோசிக்கிறாள். விளம்பரம் போகுது, சவுக்காரம் போகுது, தேயிலை போகுது, திரும்பி வந்து பாத்தால் மனுசி இன்னும் அங்கயேதான் நிக்கிறாள். நான் கதிரையிலயே நித்திரையாப் போயிடுவன். பிள்ளை காலால தட்டி எழுப்பி, விட்ட இடத்தில இருந்து கதை சொல்லுவாள்.

படத்தில வாற அப்பாமாரைத்தான் எனக்குக் கண்ணில காட்டக் கூடாது. மகளை அனுப்பேக்க ஒரு சிரிப்பு, ஒரு சொட்டுக் கண்ணீர், போயிட்டு வா அம்மா எண்டு கையைக் காட்டிப்போட்டு நேர வீட்டை போயிடுறான். வீட்டை போன பிறகு அவன் என்ன செய்யிறான் எண்டு ஒரு டைரக்டரும் காட்டினதில்லை.

எப்பிடி நடந்ததோ? தெரியாமல் நடந்ததுதான் தம்பி. வெறும் கசெட்டாக்கும் எண்டு எடுத்துப் போட்டன். கண்ணாடியும் போடேல்லை.

என்ன, பிரட்டிப் பிரட்டிப் பாக்கிறீர்?

ஓ. அந்த மூலைப் பிளாஸ்டிக் துண்டை நீர் அண்டைக்கே உடைச்சுப்போட்டுத்தான் தந்தனீரோ. ஓம், உடைச்சால் பிறகு ரெக்கோட் பண்ணேலாது. அந்த ஓட்டைக்கு மேல செலோடேப் ஒட்டினால்தான் ஏலும். தெரியும். கத்தரிக்கோலால அளவா வெட்டி ஒட்டினது நான்தான். கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் ஒட்டினனான்.

கடிதம் வந்த கிழமை செய்தனான். அவள் போனால் அந்த வீட்டில நானும் டீவியும் மட்டும்தானே. வீடியோ இல்லையெண்டால் இன்டவியூ தள்ளிப்போகும், ஒரு ஆறு மாசம், ஒரு வருசம் என்னோட இருப்பாள் எண்டு நினைச்சிட்டன். பிள்ளை என்னை ஏசேல்லை. பரவாயில்லை டடா, உங்களுக்குக் கண் தெரியேல்லைத்தானே எண்டாள்.

போன வியாழன் எங்கட கொட்டாஞ்சேனைப் பக்கம் ரவுண்டப், வீடு வீடாச் சுத்தி வளைச்சவங்கள். விடிய ஆறு மணிக்கு அவளையும் ட்ரக்கில ஏத்திக்கொண்டு போனவங்கள். ஐ.சி. இருக்கு, ரிப்போட் இருக்கு, ஆர் பாத்தது? பின்னேரம் அஞ்சு மணி மட்டும் பொலிஸ் ஸ்டேசன் வாசல்ல நிண்டனான். ஒரு கால்ல செருப்பில்லாமல் வந்தாள். வந்து முதல் கேட்டது, டடா நீங்க சாப்பிட்டீங்களோ எண்டு. எனக்கு வெக்கமாப் போச்சு தம்பி. அப்பன் எண்டு சொல்லவே வெக்கமாப் போச்சு.

மாஸ்டர் கொப்பி வைச்சிருக்கிறீர்தானே? அப்பாடா, யேசுவே. அப்ப திங்களுக்கு முந்தி ஒண்டு எடும். செலோடேப் கதை அவளுக்குத் தெரிய வேண்டாம்.

இப்பவே எடுத்துத் தாறீரோ? வேண்டாம் வேண்டாம், என்ர கையில தராதையும். நாளைக்கு வேலை முடிஞ்சு அவளே வருவாள், அவளின்ர கையில குடும்.