ஏறும்போது நின்றுபோன என்ஜின்

"மூக்கத் தூக்குன ஒடனே செத்துப்போச்சுங்க" என்று முன்சீட்டுப் பெண் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்தேன். அறுபதுகளில் ஒரு ஞாயிறு, சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ். அவள் கணவரின் மடியில், கம்பியைப் பிடித்து, தன்னைச் சுற்றி வட்டமாகப் பறக்கவிடும் சின்ன விமானம் ஆமணக்கெண்ணெய் வாசனையோடு இருந்தது.

"மேல ஏறுறப்ப எண்ணெய் பின்னால ஓடிருது. அதான் குழாயை டேங்க்கோட பின்பக்கம் வரைக்கும் நீட்டி ஈயம் பத்தவெச்சிருக்கறேன். இனி நிக்காதுங்க" என்றாள்.

"டேங்க்க நீ சரி பண்ணிட்ட புள்ள. ஆனா போன வாரம் என்ஜின் நின்னதுக்கு அப்புறமும் நான் பதமா எறக்கியிருக்கலாம்."

"அப்புறம் ஏனுங்க உளுந்துச்சு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"என்ஜின் நின்னது காதுல கேட்டுச்சு. ப்ளேன் எங்க இருக்குதுன்னு கண்ணுக்குத் தெரியல. கொஞ்ச நாளாவே அப்படித்தான்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பனமரத்துப்பட்டிப் பிரிவு வந்ததும் எழுந்து, விமானத்தைத் தான் வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க. இன்னிக்குக் காஞ்ச ஏரில நான் கம்பியப் புடிக்கறேன். நீங்க பக்கத்துல நின்னு, என்ஜின் சத்தத்தக் கேட்டுச் சொல்லுங்க."

"தலை சுத்தும் புள்ள" என்றார் அவர், இறங்கிக்கொண்டே.

"சுத்தட்டுங்க."