இலையைத் திருப்பிப் பாருங்கள்

“ஹலோ... ம், கேக்குது, கேக்குது... நடுவுல கட்டாகி அரை மணி நேரமா லைனே கிடைக்கல அண்ணே. எங்க விட்டோம்? ஏழாவது செடி. இலை நீளம் பதினாலு, எழுதிட்டேன். அகலம்?... மூணு புள்ளி ரெண்டுன்னீங்களா, மூணு புள்ளி அஞ்சா?... அண்ணே?”

நியா பென்சிலைத் தாளில் ஊன்றியபடி காத்திருந்தாள். ஹனோயில் ஞாயிற்றுக்கிழமைப் பகல். காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் அந்த மூன்றாம் மாடியில் அவளையும் பூச்சிமருந்து வாசனையையும் தவிர வேறு யாரும் இல்லை.

“மூச்சு வாங்குதா? ஆட்டுக்குப் போடற பச்சைன்னு கிண்டல் பண்ணவர் அதை அளக்க ரெண்டு மணி நேரம் மலை ஏறியிருக்கீங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க... அண்ணே?... யாரு?... இது தோன் அண்ணன் போன்தானே?”

பென்சில் தாளை விட்டு எழுந்தது.

“ஆமா, நியாதான்... ஆமா... ஆமா, டாக்டர்தான். ஊசி போடற டாக்டர் இல்ல... நீங்க யாரு? அவர்கிட்ட குடுங்க போனை... ஏன் பேச முடியாது?... கட்டிப் போட்டிருக்கீங்களா? யாரை? எதுக்கு?... சரி. சரி. சத்தம் போடல. சொல்லுங்க, கேக்கறேன்.”

கேட்டாள். கேட்கக் கேட்க, மேசையின் ஓரத்தில் இருந்த அகலவாய்க் கண்ணாடிக் குடுவையின் பக்கம் அவள் கண் போயிற்று. அதில் சாராயத்தில் ஊறிக்கொண்டு பதினான்கு பூக்கள், ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து, தூங்கும் பறவைக் குஞ்சுகளைப் போல இருந்தன. ஒவ்வொன்றிலும் கீழிதழ் ஒரு சின்னச் செருப்பைப்போலக் குழிந்திருந்தது. அப்படிச் செருப்பு மாட்டிய ஆர்க்கிடுகள் தோன் ஊரின் சுண்ணாம்பு மலைகளில் பல உண்டு. இந்தப் பூவுக்கு மட்டும் உலகத்தில் இன்னும் பெயர் இல்லை. பாறை இடுக்குகளில் வேர்விட்டு, லுங் பேன் கணவாயை ஒட்டி, மொத்தமே நாற்பத்தொரு செடிகள். அதற்குப் பெயர் சூட்டும் விவரணையை எழுதி முடிக்க அவளுக்கு இன்னும் சில அளவுகள்தான் தேவைப்பட்டன.

“நீங்க யாரோ தப்பான ஆளைப் பிடிச்சிருக்கீங்க. அவர் சோளம் போடறவர். எனக்கு வழி காட்டுவார், அவ்வளவுதான்... படமா? எந்தப் படம்?... கூட்டத்துல காட்டினதா?”

போன மாதம் தாவரவியலாளர்களின் கூட்டம் ஒன்றில் ஒரே ஒரு படம் காட்டியிருந்தாள். பூ மட்டும், பின்னால் கொஞ்சம் பாறை. இடத்தின் பெயர் சொல்லவில்லை. இடத்தைக் கண்டுபிடிக்க அந்தக் கொஞ்சம் பாறையே போதுமாயிருந்திருக்கிறது.

“இங்க பாருங்க அண்ணே... அண்ணேன்னுதான் கூப்பிடறேன், பேர் சொல்ல மாட்டேங்கிறீங்களே... பூ இல்லாம அதை யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. என்னாலயும் முடியாது. இப்ப பூவெல்லாம் போயிடுச்சு. அடுத்த வருஷம்தான்... தெரியும்னா? என்ன தெரியும்?... ஆமா. வெட்டினோம். நான்தான் வெட்டினேன். அவர் இல்ல.”

உண்மைதான். இரண்டு நாள், அவளும் தோனும் அந்தச் சரிவில் மண்டியிட்டு ஊர்ந்து ஊர்ந்து பூக்களை வெட்டினார்கள். பூ இருந்தால்தானே திருடனுக்குக் கண் தெரியும். அதோடு விடவில்லை. அதே சரிவில், அதே மாதத்தில், அதே மாதிரிப் புள்ளி போட்ட இலையோடு இன்னொரு செருப்புப் பூ மலை முழுக்கப் பரவிக் கிடந்தது. கிலோக் கணக்கில் சந்தைக்கு வந்து வந்து யாரும் சீண்டாமல் போன சாதாரணச் செடி. அதன் பூக்களையும் வெட்டினார்கள். காம்பு வெட்டின தழும்பு இரண்டிலும் ஒரே மாதிரி. எது எது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அன்றைக்கு அந்த யோசனை வந்தபோது நியா தன்னையே மெச்சிக்கொண்டாள்.

“எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா... அடிக்காதீங்க.”

ஈரச் சாக்கை உதைப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு இன்னொன்று.

“அடிக்காதீங்கன்னு சொல்றேன்ல... அவருக்கு விலா எலும்பு போன வருஷம்தான் ஒடிஞ்சு சேர்ந்தது, அந்தப் பக்கம் வேணாம்... இல்ல, எந்தப் பக்கமும் வேணாம். ஐயோ, நான் அப்படிச் சொல்லல... நிறுத்துங்க. சொல்றேன். நிறுத்தினாத்தான் சொல்லுவேன்.”

நின்றது. அவளுடைய இன்னொரு கை கணினியில் வட்டார வனக் காவல் நிலையத்துக்கு ஒரு வரி அடித்து அனுப்பியது. மலையடிவாரத்தில் இருக்கும் அந்த நிலையத்திலிருந்து கணவாய்க்கு ஏற இரண்டு மணி நேரம். செய்தியை யாராவது பார்த்தார்களா என்பதற்குத் திரையில் எந்த அடையாளமும் இல்லை.

“ம்... இல்ல, ஒண்ணும் தட்டல. விசிறிச் சத்தம்... சரி, கையை எடுத்துட்டேன்... சொல்லுங்க. பாறை மேல ரெண்டு செடி. ஒண்ணு இடது, ஒண்ணு வலது. பிடுங்கியே வச்சுட்டீங்களா... சரி. ரெண்டுல எது புதுசுன்னு நான் சொல்லணும். அவ்வளவுதானே?... அவர்கிட்டயும் கேட்டுட்டீங்களா? காட்டினாரா? எதைக் காட்டினார்?... ஏன் சொல்ல மாட்டீங்க?”

அவன் விளக்கினான். நிதானமாக, சீட்டாட்டத்தின் விதிகளைச் சொல்லிக் கொடுப்பதுபோல விளக்கினான். அவள் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டாள்.

“ஆமா... ஆமா. அவர் காட்டினதும் நான் சொல்றதும் ஒண்ணா இருந்தா விட்டுருவீங்க. புரியுது... ஆமா, மலை மொத்தத்தையும் சுமக்க முடியாது, நியாயம்தான்... தப்பான செடியைக் கொண்டுபோனா உங்களுக்கும் மேல இருக்கறவன் விட மாட்டான். ம்... ஒண்ணா இல்லன்னா?... இல்லன்னா என்ன?... எந்தக் கை?”

கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

“ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம் யோசிக்கறேன்... ஏமாத்தறதுக்கு இல்ல, ரெண்டு செடியும் அப்படியே ஒண்ணா இருக்கும், ஞாபகப்படுத்திக்கணும்... சரி, எண்ணுங்க.”

அவன் எண்ண ஆரம்பித்தான். நியா செடியைப் பற்றி யோசிக்கவில்லை. தோனைப் பற்றி யோசித்தாள்.

தோன் எதைக் காட்டியிருப்பான்? ஆறு வருடமாக அவனோடு மலை ஏறுகிறாள். இந்தப் பூவை முதலில் பார்த்தவனே அவன்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான். இதற்காகவா ஹனோயிலிருந்து பஸ் ஏறி வருகிறாய் தங்கச்சி என்று கேட்டான். சோளச் சாராயம் உள்ளே போன சாயங்காலங்களில், இந்தப் பச்சைக்காக ஒரு நகத்தைக்கூட வெட்டிக்கொள்ள மாட்டேன் என்று ஊரே கேட்கச் சொல்வான். பாறைக்கும் பாறைக்கும் நடுவில் இருக்கிற உள்ளங்கை அகல மண்ணில் சோளம் ஊன்றுகிறவன். கை இல்லாமல் அந்த மலையில் என்ன செய்வான்? இரண்டு பெண் பிள்ளைகள். கத்தி வைத்தால் யாராக இருந்தாலும் உண்மையைத்தான் காட்டுவார்கள். காட்டியிருப்பான். காட்டியிருக்க வேண்டும்.

சாதாரணச் செடியைச் சொன்னால் நாற்பத்தொரு செடியும் பிழைக்கும். ஆனால் தோனின் கை போகும். அவள் கையைத் தேர்ந்தெடுத்தாள்.

“சொல்றேன். எண்ணாதீங்க. இலையைத் திருப்புங்க... அடிப்பக்கம். அடிப்பக்கத்தைப் பாருங்க. காம்பு ஒட்டின இடத்துல மட்டும் ஊதாப் புள்ளி. மிளகு தூவின மாதிரி, பொடிப் பொடியா. அதுக்கு மேல நுனி வரைக்கும் வெறும் பச்சை, வெளுத்த பச்சை... அவசரப்படாதீங்க, வெயிலுக்குக் காட்டிப் பாருங்க. அடிப்பக்கம் முழுசும் ஊதான்னா அது சாதாரணம்... ஆமா. இன்னும் இருக்கு. நுனி. நுனி கூரா இருக்காது. ரெண்டு பல்லு இருக்கும், ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. ஓரத்தை விரலால தடவுங்க... நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கரை ஓடுதா? மத்ததுல அது கிடையாது. அஞ்சு இலைக்கு மேல இருக்காது. வேர்ல பழுப்பு ரோமம், பூனைக் கால் மாதிரி...”

பேசப் பேசக் குரல் சமனாகிவிட்டது. ஏழு மாதமாக அடித்தும் திருத்தியும் எழுதிய வாக்கியங்கள் தாமாக வந்தன. உலகத்தின் எந்த மூலையில் இருக்கிறவனும் அந்தச் செடியை எதிரில் பார்த்தால் இதுதான் என்று சொல்லிவிட வேண்டும், அதற்காக எழுதுவதுதான் விவரணை. அதை முதலில் கேட்கிறவன் இவன். ஒரு வார்த்தை குறையாமல் கேட்கிறான். அந்த ஒரு கணம் அவளுக்குள் ஏதோ ஒன்று மகிழ்ந்தது. பிறகு அதற்காகத் தன் முகத்தில் தானே அறைந்துகொள்ளத் தோன்றியது.

“வலது பக்கச் செடியா? அதுல அப்படி இருக்கா?... அப்ப அதான். அதுவேதான். சரியா? அவுத்து விடுங்க... ஹலோ?... ஏன் சிரிக்கிறீங்க?... அவரும் அதைத்தானே காட்டினார்?... இடதா? இடதுல அடிப்பக்கம் என்ன நிறம்?... முழுசும் ஊதா.”

முழுசும் ஊதா என்று இன்னொரு முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நகத்தைக்கூட வெட்டிக்கொள்ள மாட்டேன் என்றவன், கத்திக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு பொய் சொல்லியிருக்கிறான். அவளும் அதையேதான் சொல்வாள் என்று நம்பிச் சொல்லியிருக்கிறான். அவளுக்கு அந்தச் செடி உயிர் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

“இருங்க. இருங்க, இருங்க. நான் பொய் சொன்னேன். அவர் காட்டினதுதான் சரி... ஆமா, இடதுதான். என்னை எப்படி நம்பறதுன்னா... நான் பூ பாக்கிறவ, இலை எனக்குச் சரியாத் தெரியாது. அவர்தான் மலைக்காரர், அவருக்குத்தான் தெரியும்... வேணாம். அந்தக் கத்தியைக் கீழ வைக்கச் சொல்லுங்க. அண்ணே, உங்க கால்ல...”

அலறல் போனுக்குள் அடங்கவில்லை. கரகரத்து உடைந்து, பாறையில் மோதித் திரும்பி, இரண்டாவது முறையும் கேட்டது. அதில் வார்த்தை எதுவும் இல்லை.

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குடுவைக்குள் பூக்கள் மெல்ல ஆடின.

“டேய்... நாயே. கேக்குதா? உன் மூஞ்சி எனக்குத் தெரியாது, ஆனா குரல் தெரியும். செடியைத் தேடின மாதிரி உன்னைத் தேடுவேன். ஒவ்வொரு சந்தையா, ஒவ்வொரு செக்போஸ்டா வருவேன். நானே வந்து உன் விரலை ஒவ்வொண்ணா... ம். சிரி. நல்லாச் சிரி. ஷேவிங் பிளேடாலதான் நான் பூவைக் கீறிப் பாக்கறது, அதாலயே உன்னைக் கீற எனக்குக் கை நடுங்காது... இல்ல. இல்ல, வைக்காதீங்க. போனை வைக்காதீங்க. தெரியாம பேசிட்டேன். மன்னிச்சிருங்க அண்ணே. கோவத்துல வந்திடுச்சு.”

அந்தப் பக்கம் துணி கிழிவதுபோல ஒரு சத்தம், கொஞ்சம் தள்ளி இன்னொன்று, பிறகு விடாமல் வரிசையாக. பாறை இடுக்கிலிருந்து வேர் பிடுங்குகிற சத்தம். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒருவன் நிதானமாக எண்ணிக்கொண்டே பிடுங்கினான். ஒவ்வொரு இலையையும் அவள் சொன்ன மாதிரியே திருப்பிப் பார்த்துப் பிடுங்குகிறான் என்று தோன்றியது.

“எடுத்துக்கோங்க. எல்லாத்தையும் எடுத்துக்கோங்க. அவருக்கு ரத்தம் எவ்வளவு போகுது? எத்தனை விரல்?... சட்டையைக் கிழிச்சு மணிக்கட்டுக்கு மேல இறுக்கிக் கட்டுங்க. கையை மேல தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்க... உங்களுக்கு அதுல என்ன லாபமா? சொல்றேன். அந்தச் சரிவுல உங்களுக்குப் பத்தொன்பது செடிதான் கிடைக்கும். மொத்தம் நாப்பத்தொண்ணு. ஆமா, நாப்பத்தொண்ணு. மிச்சம் இருபத்திரண்டு எங்கன்னு அவரைக் கொன்னாலும் சொல்ல மாட்டார், இப்பத் தெரிஞ்சுதில்ல? நான் சொல்றேன். கட்டுப் போடுங்க, சொல்றேன்... போட்டாச்சா? எதுல போட்டீங்க?... சரி, நம்பறேன். கணவாய்க்கு வடக்கே இறங்குங்க. ஒரு பெரிய அத்தி மரம், பாறையைக் கட்டிப் பிடிச்சிருக்கும். அதுக்குப் பின்னால ஆள் நுழையற விரிசல். உள்ள போனா மேல வானம் தெரியும். இடது சுவர்ல, இடுப்பு உயரத்துல...”

சொல்லி முடித்தாள். எதையும் மறைக்கவில்லை. மறைக்க இனி எதுவும் இல்லை. வேர் பிடுங்கும் சத்தமும் நின்றிருந்தது. மலைக்காற்று மட்டும் போனுக்குள் ஊதிக்கொண்டிருந்தது. அலறலுக்குப் பிறகு தோனின் பக்கமிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

“அண்ணே... அவர் ஏன் சத்தமே போடல?... மயக்கமா? உக்காந்திருக்காரா, படுத்திருக்காரா?... ஏன் பதில் சொல்ல மாட்டேங்கிறீங்க? நீங்க கேட்டது எல்லாம் குடுத்துட்டேன். இனி என்கிட்ட ஒண்ணுமே இல்ல... பேசச் சொல்ல வேணாம். பேச முடியலன்னா பரவாயில்ல. ஒரு தடவை இருமச் சொல்லுங்க. அவர் இருமினா எனக்குத் தெரியும், வேற யாரு இருமினாலும் தெரியும். வேற எதுவும் கேக்கல அண்ணே. போனை அவர் வாய்கிட்ட கொண்டுபோய்ப் பிடிங்க...”