சோடிக் கதவு

— அதை விடு நஜீம். அது கிடக்கட்டும்.

— கிடக்க விடேலாது, யூலிற்றா அக்கா. இந்தப் பழைய கொட்டில் இண்டைக்கு முழுக்கப் பிரியவேணும். திங்கக்கிழமை புதுக் கொட்டிலுக்குத் தூண் நடுகிறம். தகரம், சிலாகை, யன்னல் எல்லாம் வெளியில எடுத்தாச்சு. கடைசியா இந்தக் கதவு ஒண்டுதான் மூலையில சாத்திக் கிடக்குது. ஏழு சாக்குப் போட்டு மூடினது ஆர்?

— நான்தான். கறையான் பிடிக்கும் எண்டு மூடினனான். வியாழக்கிழமை மன்னாருக்குப் போட்டு இப்பதான் பஸ்ஸால இறங்கி வாறன். ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க விடமாட்டியே? சங்கத்துக்குச் செயலாளர் வேணும் எண்டு கேட்டம், பொலிஸ்காரனைத் தந்திருக்கினம்.

— தலைவிக்கு ஏத்த செயலாளர்தான். நேர கதைப்பம் அக்கா. எங்கட சங்கத்தின்ர இந்தப் பழஞ்சாமான் கடையில அட்டைச் சட்டம் போட்டது ஆர்?

— நான்தான். அதுக்கென்ன இப்ப?

— ஓடெண்டாலும் சரி, ஒரு பிணைச்சல் எண்டாலும் சரி, ஆற்ற வீடு, எந்த இடத்தில எடுத்தது, எண்டைக்கு எடுத்தது எண்டு அட்டை எழுதிக் கட்டாமல் உள்ள வரக்கூடாது. போன மாசம் தர்மிளா ஒரு கதவுக் கொண்டிக்கு அட்டை கட்ட மறந்தாள் எண்டு அவளை அழவைச்சனீங்கள்.

— அழவைக்கேல்லை, சொன்னனான். இந்த மண்ணில ஒரு சாமானும் சும்மா வந்து கிடக்கிறேல்லை. எல்லாத்துக்குப் பின்னாலயும் ஒரு வீடு இருக்கு. நாளைக்கு ஒருத்தர் வந்து இது என்ர யன்னல் எண்டு நிண்டா, எங்க எடுத்தம் எண்டு காட்ட ஒரு எழுத்து வேணும்.

— நல்லது. அப்ப இந்தக் கதவின்ர அட்டை எங்க?

— அது விக்கிற சாமான் இல்லை.

— அதைக் கேக்கேல்லை. அட்டை எங்க?

— அது என்ர சொந்தச் சாமான். கடைக்குச் சேராது. விடு எண்டா விடன் தம்பி.

— சரி, உங்கட சாமானாவே இருக்கட்டும். இது ஒரு பக்கக் கதவு. இஞ்ச பாருங்கோ, செதுக்கின பூச்சாடி பாதியில நிக்குது. மற்றப் பாதி சோடியில இருக்கும். சோடி எங்க?

— ஆருக்குத் தெரியும். விறகாப் போயிருக்கும்.

— முதிரை மரம் அக்கா. முதிரையை ஆராவது அடுப்புக்குள்ள வைப்பினமோ?

— அந்த நேரம் என்னத்தைத்தான் அடுப்புக்குள்ள வைக்கேல்லை? உனக்கு என்ன தெரியும், நீங்கள் புத்தளத்தில இருந்தனீங்கள்.

— ஓம். புத்தளத்தில கிடுகுக் கொட்டிலுக்குள்ள இருந்தனாங்கள், அந்தக் கொட்டிலுக்குக் கதவே இல்லை. குனிஞ்சு பாருங்கோ, இந்தப் பள்ளம் தெரியுதோ? எனக்கு ஒன்பது வயசு. வாப்பான்ர சைக்கிளைக் களவா எடுத்து முற்றத்தில ஓடிப் பழகி, பிரேக் பிடிக்கத் தெரியாமல் நேர கொண்டுபோய் இதில விட்டனான். மட்காட் வெட்டின இடம் இது. இதின்ர மற்ற வெட்டு என்ர நெத்தியில இருக்கு.

— மாதாவே. உங்கட வீட்டுக் கதவோ?

— எங்கட வீட்டு முன்கதவு. இதை நீங்கள் எட்டு வருசமாக் கடைக்குப் பின்னால ஒளிச்சு வைச்சிருக்கிறியள். அந்த எட்டு வருசமும் நான் ஒவ்வொரு நாளும் இந்தச் சுவருக்கு அங்கால இருந்துதான் தேத்தண்ணி குடிச்சனான்.

— எனக்குத் தெரியாது நஜீம். சத்தியமாத் தெரியாது.

— சோடியில ஒரு ஓட்டை இருந்திருக்கவேணுமே? கையளவு ஓட்டை?

— என்ன ஓட்டை?

— தெரியாதமாதிரிக் கேக்கிறியள். சரி, நான் சொல்லுறன். வாப்பா மவுத்தானாப் பிறகு உம்மா இத்தா இருந்தவா. நாலு மாசமும் பத்து நாளும் பிற ஆம்பிளையளின்ர முன்னால வரக்கூடாது. எங்கட நெல்லுக்கடையைப் பாத்தது பொன்னையா அண்ணை. காலமையில வாசலில வந்து நிண்டு, அக்கா, கடைப் பூட்டின்ர திறப்பு எண்டு கூப்பிடுவார். நான் பள்ளிக்குப் போயிட்டா எடுத்துக் குடுக்க ஆளில்லை. மாமா ஒருநாள் உளியை எடுத்து, மற்றப் பக்கக் கதவில ஒரு கை போகிற அளவுக்கு ஓட்டை போட்டுக் குடுத்தார். உம்மா அதுக்குள்ளால கையை நீட்டித் திறப்பைக் குடுப்பா. ஊர் நாலு மாசம் ஹவ்வா உம்மாவின்ர கையைத்தான் கண்டது. இத்தா முடிஞ்சு ரெண்டு கிழமை. இயக்கப் பெடியள் வந்து, முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்னாங்கள். கதவைத் திறந்து வெளியில வந்தவா, திரும்ப உள்ள போகேல்லை.

— எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— சோனக ஆக்களின்ர, உங்கட முஸ்லிம் ஆக்களின்ர, வீட்டுக் கதவு எண்டு தெரியும். பொய் சொல்லேல்லை இனி. கரையில எங்கட வீட்டைச் சுனாமி கொண்டுபோனாப் பிறகு முள்ளியவளையில கொட்டில் போட்டம். அங்க ஒருத்தர் பழைய கதவு, நிலை எல்லாம் குவிச்சு வைச்சிருந்தவர். ஓட்டையைக் கண்டிட்டுக் கேட்டனான். ஓடிப்போன ஆக்களின்ரது, இனி வரமாட்டினம் எண்டார். வாங்கினம்.

— ஓடிப்போன ஆக்களோ? நாங்கள் ஓடினனாங்களோ அக்கா?

— இல்லை. துரத்தினது. அண்டைக்கு அது எனக்கு வாயில வரேல்லை. பிள்ளைக்குப் பனி படாமல் ஒரு கதவு வேணும் எண்டதுதான் மனதில இருந்தது.

— எந்தப் பிள்ளைக்கு?

— அது கிடக்கட்டும்.

— உங்களுக்கு எல்லாம் கிடக்கட்டும்தான்! இப்ப விளங்குது. கடையைப் பெருப்பிப்பம் எண்டு மூண்டு கூட்டத்தில கேட்டன், மூண்டிலயும் மாட்டன் எண்டு நிண்டனீங்கள். கொட்டிலைப் பிரிச்சா இந்தக் களவுக் கதவு வெளியில வந்திடும் எண்டுதானே?

— கொட்டில் பிரிக்க நான் ஒருநாளும் மறுக்கேல்லை. வட்டுவாகல் பாலத்துக்கு அங்கால, கடைசிச் சண்டை நடந்த கரையில போய்க் கிண்டி மரம் எடுக்கிறதைத்தான் மறுத்தனான்.

— வேற எங்க மரம் இருக்கு? அக்கா, வீட்டுத்திட்டத்தில கட்டி அரைகுறையில நிக்கிற நாற்பது குடும்பம் வாசலுக்குச் சீலை கட்டித் தொங்கவிட்டிருக்கு. பொம்பிளைப் பிள்ளையளோட இருக்கிற வீடுகள். அங்க சண்டை நேரம் வெட்டின பங்கர்க் குழியளுக்குள்ள முதிரையும் பாலையும் உக்காமல் தாண்டு கிடக்குது. காணிக்காரர் தென்னை வைக்கப்போறார், எப்பிடியும் மண் தள்ளுற மெசின் விட்டு மட்டமாக்குவார். நாங்கள் எடுக்காட்டி நெருப்பு வைப்பார். மரம் இல்லாமல் பெரிய கொட்டிலைக் கட்டி அதுக்குள்ள வௌவாலையோ வளர்க்கிறது?

— எடுக்கிறதெண்டா அட்டையோட எடு எண்டனான். அதையும் விட்டியளோ? லொறியில வாற மரத்துக்கு அட்டை வேண்டாம் எண்டு இருபத்திமூண்டு பேரைக் கை தூக்க வைச்சாய். நான் ஒருத்திதான் தூக்கேல்லை.

— மரத்துக்கு மரம் அட்டை எழுதிக்கொண்டிருந்தா லொறி நிக்குமோ? கதையை மாத்தாதேங்கோ. சோடி எங்க? நேர சொல்லுங்கோ. உங்கட வாயால சொல்லுங்கோ.

— சொன்னா என்ன செய்வாய்?

— என்ர உம்மாவுக்கு எழுபத்தாறு வயசு. தகரக் கொட்டிலில இருக்கிறா. அவாவின்ர கதவு எங்க போய்க் கிடந்தது எண்டு அவாவுக்குச் சொல்லவேணும். அவ்வளவுதான்.

— இரு. இந்த மரக்குத்தியில இரு. நிண்டுகொண்டு கேக்கிற கதை இல்லை.

— நான் நிக்கிறன். சொல்லுங்கோ.

— சண்டை கிட்ட வந்து வெளிக்கிடேக்க லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியில ஒரு கதவுக்குத்தான் இடம் இருந்தது. என்ர மனுசன் யோசெப் ஓட்டை இருக்கிறதை ஏத்தினவர். இதைக் கிணத்தடியில சாத்திப்போட்டு வந்தம். முகாமால திரும்பி வரேக்க இது அப்பிடியே நிண்டது. மற்றதுதான் வரேல்லை.

— ஏன் ஓட்டைக் கதவை ஏத்தினவர்?

— பங்கருக்கு மேல போட. மேல மண்மூட்டை அடுக்கினாலும் ஓட்டையால கொஞ்சம் காத்து வரும் எண்டார். ஆறு இடம் மாறினம். ஆறு இடத்திலயும் உங்கட வீட்டுக் கதவுதான் எங்களுக்குக் கூரை. ஆன்சலா ஓட்டைக்கு நேர கீழதான் படுப்பாள். அம்மா, எனக்கு மட்டும் வானம் தெரியுது எண்டு சொல்லுவாள்.

— ஆன்சலா ஆர்?

— என்ர மகள்.

— உங்களுக்குப் பிள்ளையள் இல்லை எண்டெல்லோ…

— நான்தான் அப்பிடிச் சொல்லித் திரியிறன். இருந்தது எண்டா, எங்க எண்டு கேப்பினம்.

— அக்கா…

— ஒன்பது வயசு. நீ சைக்கிள் இடிச்ச வயசு. கஞ்சி வரிசைக்குச் சட்டியோட போனவள். யோசெப்தான் தூக்கிக்கொண்டு வந்தார். சட்டியை விடேல்லை அவள். வேற குழி வெட்ட எங்களுக்குக் கையில பலம் இல்லை, செல்லடியும் நிக்கேல்லை. அந்தப் பங்கருக்குள்ளயே கிடத்தினம். மேல கதவை வைச்சம். மண் தள்ளமுதல் நான் அந்த ஓட்டையால கையை விட்டு அவளின்ர தலையைத் தடவினனான். உன்ர உம்மா கை நீட்டின ஓட்டை எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்.

— அல்லாஹ்வே.

— பிறகு என்ர சீலையில ஒரு துண்டு கிழிச்சு ஓட்டையை அடைச்சனான். மண் முகத்தில விழக்கூடாதெல்லோ. பிறகு யோசெப்பும் செத்துப்போனார். இனி அந்த இடம் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்தி, எனக்கும் இப்ப மட்டுக்கட்டேலாது. பனை எல்லாம் முறிஞ்சு, பற்றை வளர்ந்து, கரை முழுக்க ஒரே மாதிரிக் கிடக்குது. ஒரேயொரு அடையாளம் கதவுதான். கதவு எங்க கிடக்குதோ, அதுக்குக் கீழ பிள்ளை. அதுதான் கிண்டாதேங்கோ எண்டனான். வாய் திறந்து காரணம் சொல்ல ஏலாமல் போச்சு. கோவிக்காதை.

— நான் கோவிக்கேல்லை அக்கா. அக்கா, பொறுங்கோ…

— இப்ப சொல்லலாம். மன்னாருக்கு அதுக்குத்தான் போனனான். அண்டைக்கு அவளுக்குச் செபம் சொன்ன பாதர் இப்ப அங்க இருக்கிறார். நாளைக்குப் பூசை முடிய வாறன் எண்டவர். அவருக்கு ஏதோ கொஞ்சம் நினைவிருக்கு, சின்ன நீரோடைக்குக் கிட்ட எண்டவர். பத்துப் பேரை மண்வெட்டியோட கூட்டிக்கொண்டு போவம். கூட்டத்தில சொன்னபடி திங்கக்கிழமை மெசின் வரமுதல் கதவைக் கண்டுபிடிச்சா, பிள்ளையை எடுத்துக் கோயில் சேமக்காலையில அடக்கம் பண்ணுவன். கதவை உம்மாட்டயே குடுக்கிறன். இதையும் கொண்டுபோ. அதுக்குப் பிறகு நீ எவ்வளவு வேணுமெண்டாலும் கிண்டு, கடையை வீதிவரைக்கும் பெருப்பி. நானே முதல் கை தூக்குறன்.

— அக்கா, அந்தச் சீலைத்துண்டு என்ன நிறம்?

— ஏன் கேக்கிறாய்?

— சொல்லுங்கோ.

— நீலம். வெள்ளைப் புள்ளி போட்ட நைலெக்ஸ். ஏன் நஜீம்?

— மெசின் திங்கள் இல்லை அக்கா. நீங்கள் பஸ் ஏறின அண்டைக்கே வந்திட்டுது. மழைக்கு முதல் முடிப்பம் எண்டு நான்தான் நெருக்கினனான். பங்கர் மரம் ஒண்டும் விடாமல் ஆழக் கிண்டி எடுங்கோ எண்டும் நான்தான் சொன்னனான்.

— இல்லை.

— நாலு லோட் வந்து பின்காணியில கிடக்குது. நேற்றுப் பின்னேரம் இறக்கேக்க மரத்துக்கு நடுவில ஒரு கதவு. பூச்சாடி பாதி. கையளவு ஓட்டை. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். அப்பவே உம்மாட்டக் கொண்டுபோனன். இண்டைக்குக் காலமை இந்தச் சோடியைக் கண்டாப் பிறகுதான் உங்களில கோபம் வந்தது. உங்கட வாயால உண்மை வருமோ பாப்பம் எண்டுதான் தெரியாதமாதிரி நடிச்சனான்.

— ஓட்டையில துணி இருந்ததோ?

— இருந்தது. நான்தான் உருவி எறிஞ்சனான்.

— கதவு கிடக்கட்டும். துணியும் கிடக்கட்டும். இடத்தைச் சொல்லு. எந்த இடத்தில எடுத்தவங்கள்?

— லொறி ஓடின சுஜிதனிட்டக் கேட்டனான் அக்கா, உம்மாவுக்குச் சொல்லவெண்டு. அள்ளி அள்ளிப் போட்டாங்கள், தனக்குத் தெரியாது எண்டான். இப்ப மண்ணையும் இழுத்து மட்டமாக்கிட்டாங்கள்.

— எங்கயாவது எழுதியிருப்பாய், நஜீம். நீ செயலாளர். எந்த இடம் எண்டு எங்கயாவது எழுதியிருப்பாய்.

— அதுக்கு அட்டை எழுதேல்லை, அக்கா.