இன்னும் ஐம்பது அடி

— இந்த வாய்க்கா உன் வெட்டு இல்ல செவ்வந்தி.

— என் வெட்டுதான்யா.

— இந்தச் சாமிதுரைகிட்டயா சொல்ற? இருபது வருஷமா பண்ணைக்குக் காரியம் பாக்குறேன். யார் மம்பட்டி எப்படி விழும்னு எனக்குத் தெரியாதா? கரையைப் பாரு, மம்பட்டி முதுகால தட்டித் தட்டி மெழுகின மாதிரி இருக்கு. நம்ம பண்ணையில ரெத்தினந்தான் இப்படித் தட்டுவான்.

— பாத்துக் கத்துக்கிட்டேன்.

— எங்க, ஒரு தட்டு தட்டு. பாப்போம்.

— இந்தாங்க, தட்டுறேன்.

— என்னா, கரை பிளந்துக்கிச்சு?

— நீங்க பக்கத்துல நின்னா கை ஓட மாட்டேங்குதுய்யா.

— சரி. இந்தக் காலடி? சுண்டுவிரல் இல்லாத காலு. நம்ம இளையபெருமாளுக்குத்தான் சுண்டுவிரல் கிடையாது.

— முள்ளு குத்திடுச்சு. அன்னைக்கு விரலை மடக்கிக்கிட்டு நடந்தேன்.

— முள்ளு குத்தி காலு ரெண்டு அங்குலம் வளந்துடுச்சாக்கும்.

— சேத்துல எல்லாருக்கும் பெருசாத்தான் தெரியும்.

— சிரிக்காத. நான் சிரிக்கறதுக்கு வரல.

— நீங்கதான்யா சிரிச்சீங்க.

— ...பண்ணையார் என்ன சொல்லியிருக்காருன்னு தெரியுமில்ல? உனக்கு யார் ஒத்தாசைக்கு வந்தாலும் இந்தப் போகம் அவங்களுக்குப் பண்ணையில வேலை கிடையாது. யார் யாருன்னு பேரைக் கேட்டுக்கிட்டு வான்னு அனுப்பியிருக்காரு.

— என் பேரைச் சொல்லுங்க.

— உன் பேருதான் அவருக்கே தெரியுமே.

— பட்டாவுலயும் அந்தப் பேருதான் இருக்கு. நில உச்சவரம்புச் சட்டத்துல அவருகிட்ட எடுத்து சர்க்கார் எனக்குக் குடுத்த மூணு மா நிலம். அதுக்குப் போற வாய்க்காலை நீங்க முன்னாடியே மூடிட்டீங்க.

— நானா மூடினேன்?

— நீங்க நின்னு மூடச் சொன்னீங்க. நாங்க கூலிக்கு மண்ணு சுமந்தோம். நானும் சுமந்தேன்யா, நாலு நாளு. அந்த நிலம் என் பேருக்கு வரும்னு அப்பத் தெரியல. இந்தப் போகமும் தரிசாக் கிடந்தா பட்டாவை ரத்து பண்ணிடுவோம்னு தாலுக்கா ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நாளைக்குக் காலையில ஆத்துல தண்ணி வருது. என்னை விடுங்க, நான் வெட்டணும்.

— வெட்டிக்கிட்டே பேசு. மொத்தம் இருநூத்தி எழுபது அடி. முதல் நாலு நாள்ல நீ வெட்டினது நாப்பது.

— அளந்தீங்களா?

— தினம் சாயங்காலம் காலால அளப்பேன். எத்தனை நாள் தாங்குவான்னு பண்ணையார் கேட்டாரு. மூணு நாளுன்னு சொன்னேன்.

— தப்பாப் போச்சு.

— மூணாம் நாள் மம்பட்டிக் காம்புல ரத்தம். இத்தோட முடிஞ்சுதுன்னு அவருகிட்ட போய்ச் சொல்லிட்டேன். மறுநாள் விடியறப்ப வந்து பாக்குறேன்... கையில துணியைச் சுத்திக்கிட்டு நிக்கிற. வெட்டிட்டு, குளத்துலேருந்து குடம் குடமாத் தூக்கி நாத்தங்காலுக்கு ஊத்துற. வாய்க்காலே இல்ல, அதுக்குள்ள நாத்து விட்டிருக்க.

— வாய்க்கா வந்தப்புறம் விட்டா நாள் பத்தாதுய்யா.

— அந்த நாத்தைப் பாத்துத்தான் நம்ம நடவுக்கார வேம்புக்கு மனசு கேக்காமப் போயிருக்கும்.

— வேம்பு இங்க வரல.

— வந்தாளான்னு நான் கேக்கவே இல்லியே. அஞ்சாம் நாள்லேருந்து தினம் முப்பது அடி. ஆறு நாளா. பத்து அடி உன்னுது. மிச்சம் இருபது?

— பழகப் பழகக் கை வேகமாயிடுச்சு.

— செவ்வந்தி...

— நான் யாரையும் கூப்பிடலய்யா. சத்தியமா. அவங்க வீட்டுலயும் உலை கொதிக்கணும். நீங்க பொழுது சாயற வரைக்கும் நின்னு கேட்டாலும் என் வாயிலேருந்து ஒரு பேரு வராது.

— பேரு வேண்டாம். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் எல்லாரும் என் கண்ணு முன்னால வேலை பாக்குறாங்க. அப்புறம் எப்பதான் வர்றாங்க?

— நீங்க சாப்பிட்டுட்டுக் கொட்டகையில கண்ணசரும்போது... இல்ல, இல்ல. யாரும் வரல.

— ஒரு மணி நேரத்துல இருபது அடி. ம்.

— ஐயா, அவங்களை ஒண்ணும் பண்ணிடாதீங்க. நான் வேணா நிறுத்திக்கறேன்.

— நிறுத்துவியா?

— ...மாட்டேன்.

— பாக்கி எவ்வளவு?

— அம்பது அடி.

— பண்ணையார்கிட்ட நான் போய்ப் பதில் சொல்லணும்.

— என்னன்னு சொல்வீங்க?

— ஒரு பேருதான் கிடைச்சுது, செவ்வந்தின்னு சொல்வேன்.

— அவரு நம்புவாராய்யா?

— அது என் பாடு. நீ உச்சிக்கு ரெத்தினம் வந்தான்னா சொல்லு, இன்னைக்கு ரெண்டு மணி நேரம் படுத்திருப்பேன்னு. மூக்குல ஈ உக்காந்தாக்கூட விரட்டாம, ஆறு நாளா கண்ணை மூடிக்கிட்டுக் கிடக்கறேன். இன்னும் ஒரு மணி நேரம் கிடக்க மாட்டேனா?