பிஸீஸாவுக்குள்ள போன சாவி

ஹலோ... ஹலோ, மைஸா? வைக்காத. வைக்காதடி, ஒரே நிமிஷம்... யாரா? நான்தான்... எந்த நானா? ரெண்டு வருஷம் பேசலைன்னா அக்கா குரல் கூடவா மறந்து போகும்? கமூனா பேசறேன்... ஆமா... ஆமா, நானேதான் கூப்பிடறேன். கை தவறியெல்லாம் அழுத்தல.

இல்ல, யாருக்கும் ஒண்ணுமில்ல. எல்லாரும் குத்துக்கல்லாட்டம் இருக்கோம்... சமாதானம் பேசவும் கூப்பிடல, பயப்படாத. ஒரே ஒரு விஷயம் கேக்கணும், கேட்டுட்டு வச்சிடறேன். நேத்து ராத்திரி என் வீட்டுக்காரர் ஒரு டப்பா கொண்டாந்து குடுத்தாருல்ல?... ஆமா, பிஸீஸா மாவு. பஸ்கா வர்ற நிஸான் மாசம் பொறக்கிற ராத்திரி வேற என்னத்தைக் குடுத்து விடுவாங்க? அந்த டப்பா எங்க இருக்கு?... ஏன்னு அப்புறம் சொல்றேன், முதல்ல எங்க இருக்குன்னு சொல்லு... இல்லடி, திருப்பிக் கேக்கல. குடுத்ததைத் திருப்பி வாங்கற பழக்கம் எனக்கு இல்ல... ஆமா, நீ இஸ்தான்புல்லேருந்து வாங்கிட்டு வந்த சால்வையை நான் திருப்பி அனுப்பினேன். அது வேற... எப்படி வேறயா? வேறதான். இப்ப அதை இழுக்காத, நேரமில்ல.

விஷயத்தைக் கேளு. சாவியைக் காணோம்... கடைச் சாவி. கடையில இருக்கே இரும்புப் பெட்டி, அதோட சாவி... ஆமா, நகை வைக்கிற பெட்டி. நேத்து உன் அத்தான் மக்லூஃப் அந்தச் சாவியாலதான் பிஸீஸாவைக் கிளறினாரு. வருஷா வருஷம் அப்படித்தானே செய்வாரு? பொழைப்பு திறக்கணும்னா பொழைப்புச் சாவியாலதான் கிளறணும்பாரு. நான் எண்ணெய் ஊத்த ஊத்த, அவர் கிளறக் கிளற, பேரப்பிள்ளைங்க ஆமென் ஆமென்னு கத்த... அந்தக் கூத்துல சாவியை வெளிய எடுத்தாரா, உள்ளயே விட்டாரா, ஒருத்தருக்கும் ஞாபகமில்ல. காலையில கடை திறக்கப் போன மனுஷன் பாக்கெட்டைத் தடவிக்கிட்டு நிக்கறாரு. என் டப்பாவை அடி வரைக்கும் சுரண்டிப் பாத்துட்டேன், இல்ல. மிச்சம் இருக்கறது உனக்கு வந்த டப்பா ஒண்ணுதான்.

சிரி... சிரி, நல்லா சிரி. சிரிச்சு முடிச்சிட்டுச் சொல்லு... முடிஞ்சுதா? என் பாஸ்போர்ட் அந்தப் பெட்டிக்குள்ளதாண்டி இருக்கு! பன்னெண்டு மணிக்கு விமானம்... இன்னிக்குத்தான்... துனிஸ் போய் மாறி... ஆமா, இஸ்தான்புல்லுக்கு. வேற எங்க போவேன் நான்?

ஹலோ?... என்னத்தைடி கீழ போட்ட?

யார்கூடவா? அது எதுக்கு இப்ப உனக்கு?... மக்லூஃப் வந்தா என்ன, வராட்டி என்ன. நான் போறேனா இல்லையாங்கறதே உன் டப்பாவுலதான் இருக்கு. எந்திரிச்சுப் போய் எடுத்துட்டு வா... இன்னொரு சாவியா? இருக்கே! பத்திரமா இருக்கு, அந்தப் பெட்டிக்குள்ளயே! உன் அத்தானோட புத்தி உனக்குத் தெரியாதா?... பூட்டுக்காரனையும் கேட்டாச்சு. பெட்டியை அறுக்கணுமாம், சாயங்காலம்தான் ஆகுமாம். சாயங்காலம் நான் யார் விமானத்துல போறது?

ஏங்க, நீங்க வேற என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்காதீங்க. கடை வாசல்ல போய் நில்லுங்க. சாவி கிடைச்சா அங்கதானே வரும்... உன்னை இல்லடி, அவரைச் சொன்னேன். சொல்லு. எடுத்துட்டியா?

என்ன முணுமுணுக்கற? சத்தமாப் பேசு... இல்லையா? ஏன் இல்ல? அதுக்குள்ள தின்னு தீத்துட்டியா?... பின்ன?... திறக்கவே இல்லையா?

இரு. இரு இரு. டப்பாவைத் திறக்கவே இல்லையா நீ?... மூடியைக் கூட?... நேத்து ராத்திரியும் திறக்கல?... அப்ப நீ ஒண்ணுமே... இல்ல, ஒண்ணுமில்ல. நான் ஒண்ணும் சொல்லல. நான் பாட்டுக்கு ராத்திரி முழுக்க போனையே பாத்துக்கிட்டு... விடு. விடுன்னா விடு... குரல் ஒண்ணும் மாறல. மாவு தொண்டையில போயிடுச்சு. அப்ப திறக்கவே இல்லையா! சரி. சரி சரி. நல்லதுதான்... அதாவது நல்லது இல்ல. அய்யோ, டப்பா எங்கடி?

கேட்ல மாட்டினியா? எதுக்கு?... பழைய ரொட்டிப் பையோடயா? மைஸா, ரொட்டி வண்டிக்காரர் ஆட்டுக்குப் போட எடுத்துட்டுப் போற பையோடயா என் பிஸீஸாவை மாட்டின?... என் மேல கோவம்னா என்னைத் திட்டு. மாவு உன்னை என்ன பண்ணுச்சு? பார்லியை வறுத்து, கொண்டைக்கடலையை வறுத்து, கொத்தமல்லி விதையும் சோம்பும் போட்டு அரைச்சு, சலிச்சு... சர்க்கரை வியாதியா? உனக்குன்னு சர்க்கரை ஒரு துளி போடாமத்தாண்டி எடுத்து வச்சேன்! ஜிம்முக்குப் போற பொண்ணுங்க எல்லாம் உடம்புக்கு நல்லதுன்னு என் வாசல்ல வந்து நின்னு உருண்டை உருண்டையா வாங்கிட்டுப் போறாங்க. என் கூடப்பொறந்தவ ஆட்டுக்குப் போடறா!

சரி. சரி, கத்தல. இப்ப கேட்ல இருக்கா? எட்டிப் பாரு... காணோமா? பையையும் காணோமா?... எப்ப வந்தான் வண்டிக்காரன்?... இப்பத்தானா? ஹாரன் சத்தம் கேக்குதா இன்னும்?... கேக்குதா? ஓடு! அப்ப ஓடுடி! நிக்காத!... செருப்பா? எந்தச் செருப்பு?... நடக்கப் போட்டுக்கிட்டுப் போவியே, அதுவா? நேத்துலேருந்து காணோமா?... ம். சரி, அதை விடு. அது எங்கயும் போயிருக்காது. வீட்டுச் செருப்பைப் போட்டுக்கிட்டு ஓடு. செருப்பே வேண்டாம், வெறுங்காலோட ஓடு. போனை வைக்காத, கையிலயே வச்சுக்க.

எந்தப் பக்கம் போறான்?... செக்கு இருக்கற பக்கமா? அங்க ரோடு தோண்டிப் போட்டிருக்கு, மெதுவாத்தான் போவான். ஓடு... மூச்சு வாங்குதா? நீ டாக்டர் சொல்லித்தானே தினம் நடக்கற, இதையும் நடைன்னு நினைச்சுக்க... என்ன?... ஆமா... ஆமா, நான் போறதுக்காகத்தான் நீ ஓடற. அதுல என்ன தப்பு? நீ போனப்ப யாரு ஓடினா? நான் ஓடினேனா? எனக்குத் தெரியவே தெரியாதே! போனைத் திறந்தா போட்டோ. கப்பல்ல நிக்கற. காத்துல முடி பறக்குது. கையில வறுத்த கொட்டை, காகிதத்துல சுருட்டி. பச்சைக் கோட்டு வேற! டிவியில வந்த அந்தத் துருக்கித் தொடர்ல அந்தப் பொண்ணு போட்டிருந்த பச்சைக் கோட்டு எப்படிடி உன் உடம்புக்கு வந்துச்சு? நாம ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து அதைப் பாத்தோமா இல்லையா? அந்தக் கப்பல்ல ஏறினா முதல்ல யாரு ஜன்னலோரம்னு சண்டை போட்டோமா இல்லையா? வாழ்க்கையில முதல் தடவையா ஒரு ஆசை வச்சேன், அதையும் நீ உன் நாத்தனாரோட போய் முடிச்சிட்டு வந்துட்ட. எனக்கு வயிறு எரிஞ்சுது மைஸா. சொல்லிட்டேன் இப்ப. எரிஞ்சுது.

நின்னு திட்டாத. ஓடிக்கிட்டே திட்டு.

என்ன?... நான் வர மாட்டேன்னு சொன்னேனா? எப்ப சொன்னேன்?... அது... கல்யாணம் வந்துச்சு, அதான் கல்யாணம் முடியட்டும்னேன்... அப்ப வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டிருந்தோம்... பஸ்கா பண்டிகை வந்தா வீட்டைச் சுத்தம் பண்ண வேண்டாமா? எல்லாரும்தான் பண்றாங்க... எப்பப் பாத்தாலும் அடுத்த வருஷம்னேனா?... எத்தனை தடவை?...

சரி, சொன்னேன்தான்.

கேக்கறேன்... கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், சொல்லு... நாத்தனார் டிக்கெட் போட்டுட்டா, ரெண்டே நாள்தான் இருந்துச்சு... சரி... என்கிட்ட சொன்னா நான் தடுப்பேன்னு நினைச்சியா? தடுத்திருப்பேன். ஆமா, தடுத்துத்தான் இருப்பேன்... அங்க போய் முதல் ராத்திரியே அழுதியா? எதுக்கு?... அதை அப்பவே சொல்றதுக்கென்ன? கடுதாசியா எழுதி அந்தச் சால்வைக்குள்ள வச்சு அனுப்பினா நான் எப்படித் தெரிஞ்சுக்கறது... போதும். போதும்டி. வண்டி தெரியுதா பாரு.

தெரியுதா? கூப்பிடு! அவர் பேரு ஸாலிஹ், பேரைச் சொல்லிக் கூப்பிடு... இன்னும் சத்தமா... நின்னுட்டாரா? அப்பாடா! கடவுளே, உனக்குக் கோடி நன்றி. பை இருக்கா?... டப்பா?... டப்பா அவர் கையிலயா? கையில வச்சுக்கிட்டு என்ன பண்றாரு?

திங்கறாரா!

நிறுத்தச் சொல்லு! விரலால வழிச்சுத் திங்கறாரா? சாவியை முழுங்கித் தொலைக்கப் போறாரு, வாங்குடி! கையிலேருந்து வாங்கு... என்ன சொல்றாரு?... நல்லா இருக்காமா?... நிஜமாவா சொன்னாரு? கொத்தமல்லி வாசனை தூக்குதாமா? ம்... சரி, நன்றின்னு சொல்லு. இல்ல, நன்றி அப்புறம். முதல்ல கையை விடு உள்ள... விட்டுட்டியா?... அடி வரைக்கும்?... கட்டி கட்டியா இருக்கும், உடைச்சுப் பாரு... பாரு, பாரு... என்ன ஆச்சு? ஏன் நிறுத்தின?

கிடைச்சுதா! சாவிதானே? நீளமா, தலையில வளையம்... அதேதான்! ஏங்க! ஏங்க, கிடைச்சிடுச்சு!... மைஸா, நீ நல்லா இருப்ப. நீ நூறு வருஷம் நல்லா இருப்ப. துடைச்சு, பாக்கெட்ல போடாத, கையிலயே இறுக்கிப் பிடிச்சுக்க. மிச்ச மாவை ஸாலிஹுக்கே குடுத்துடு, ஆசையாத் திங்கறாரு பாவம்...

இல்ல, இரு! குடுத்துடாத! குடுத்துட்டியா?... திருப்பி வாங்கு. வாங்குடி, வெக்கப்படாம வாங்கு!... அதுல இன்னொண்ணு இருக்கு... சாவி இல்ல. சாவி கிடைச்சாச்சே. அது தவறிப் போய் விழுந்தது. இது... இது நான் போட்டது. மாவுக்கு அடியில, பிளாஸ்டிக் பையில சுத்தி. நீ ராத்திரியே திறப்ப, ஒரு வாய் எடுத்துத் திம்ப, உன் விரல்ல படும்னு வச்சேன். நீ கூப்பிடவே இல்ல. உன் மக தெபோராவும் நேத்து ராத்திரி, அம்மா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்னு சொன்னா. நீ பாத்துட்டுத்தான் பேசாம இருக்கேன்னு நினைச்சுட்டேன். உன்னை மனசுக்குள்ள என்னென்ன திட்டினேன்னு எனக்குத்தான் தெரியும்... ஆமா, உன் மகதான், தெபோராதான். அவளுக்கு எல்லாம் தெரியும்... எடுத்தியா?... பிரி. கை எண்ணெய்னா பாவாடையில துடைச்சுக்க... பிரிச்சுட்டியா?... படி. மேல என்ன பேரு போட்டிருக்கு, அதைப் படி.

...

ஹலோ?

மைஸா?... ரோட்டுல நின்னு அழாதடி. ஸாலிஹ் என்ன நினைப்பாரு... ஆமா, உன் பேருதான். உன் பாஸ்போர்ட் நம்பரைத் தெபோராதான் எடுத்துக் குடுத்தா... இல்ல, மக்லூஃப் வரல. அவர் என்னைக்கு வந்தாரு? ரெண்டே டிக்கெட்தான், ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. நீ வராட்டி பக்கத்து சீட்டுல பையை வச்சுக்கிட்டுப் போயிடணும்னு பிடிவாதமா இருந்தேன்... பஸ்கா சுத்தமா? பாதிதான் ஆயிருக்கு. கிடக்கட்டும். ஊர் பேசும், பேசிட்டுப் போகட்டும். முடியட்டும் முடியட்டும்னு சொல்லித்தானே உன்னை நான் விட்டேன்... பேசாத. நீ ஒண்ணும் பேசாத, கேளு.

வீட்டுக்கு ஓடு. கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டி இருக்கும், பாரு. உன் மக நேத்தே கட்டி வச்சிட்டா... நீ தேடின செருப்பும் அதுலதான் இருக்கு. பச்சைக் கோட்டும் இருக்கு. எடுத்துக்க, போட்டுக்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன்... சாப்பாடா? நாலு நாளைக்கு உருண்டை பிடிச்சு வச்சிருக்கேன், சர்க்கரை போடாதது தனியா. பாஸ்போர்ட் மட்டும் நீ எடுத்துக்க. ஒரு டாக்சி பிடி, சாவியோட நேரா கடைக்கு வா. நான் வாசல்லயே நிக்கறேன்.

ஆமா... ஆமா, நிஜமாத்தான்... நானும்தான், சரி, நானும்தான். மூக்கைச் சிந்து முதல்ல... அப்புறம் இன்னொண்ணு, மைஸா. இப்பவே சொல்லிடறேன், அங்க வந்து சண்டை போடாத. கப்பல்ல ஜன்னலோரம் எனக்குத்தான். நீதான் ஏற்கனவே பாத்துட்டியே.

வைக்கிறேன். ஓடு.